தொழுநோய்ச் சட்டங்களும் பாப்பாரப்பட்டியும்

பாப்பாரப்பட்டி என்னும் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவில் நம் நெஞ்சில் தோன்றுபவர் சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டில் 1884-இல் பிறந்த அவர், 1908-இல் வ. உ. சிதம்பரனாரோடு சிறைப்பட்டு, 1912-இல் நோயுடம்போடு வெளிவந்தார். சிறையில் பற்றிய தொழுநோய் இறுதிவரை நீங்கவில்லை. அந்நாளில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்குக் கோயில் எடுக்க முனைந்து, 1923-இல் சித்தரஞ்சன் தாசைக் கொண்டு கால்கோள் செய்வித்தார்; கோயில் எழுமுன்னரே 1925 சூலை 23-இல் அவ்வூரில் மறைந்தார். இவை பலரும் அறிந்தன. நோயின் பொருட்டு அவரைப் புகைவண்டியில் ஏறவிடாது தடுத்த சட்டம் யாது என்பதே ஈண்டு எம் வினா.

1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமே அத் தடையை விதித்தது என எவரும் எளிதிற் கருதுவர். சட்டத்தின் வாசகம் அதற்கு இடந்தரவில்லை. அச் சட்டம் இருவகையாக இயங்கிற்று. பிழைக்க வழியின்றித் திரியும் அல்லது பொதுவிடத்தில் இரக்கும் நோயாளரைக் காவலர் பிடியாணையின்றிப் பற்றலாம்; மருத்துவ ஆய்வின்பின் நடுவர் அவர்களைத் தொழுநோயில்லத்தில் அடைக்கலாம். இஃது ஒன்று. மற்றொன்று, அரசு அறிவித்த இடங்களில் நோயாளர் உணவும் உடையும் விற்றல், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர்கொள்ளுதல், நீராடுதல், வாடகை வண்டியில் ஏறுதல் ஆகியவற்றை விலக்கும் அதிகாரம். வாடகை வண்டிகளைச் சுட்டுமிடத்து, 'புகைவண்டி நீங்கலாக' என்னும் பொருள்பட ஒரு தொடர் உண்டு. எனவே புகைவண்டித் தடையின் வேரை 1890-ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டத்தில் தேடுதல் வேண்டும். தொற்றுநோயுடையாரை ஏற்ற மறுக்கும் உரிமையை நிருவாகத்திற்கு அளித்தது அதுவே. ஒரு சட்டம் புகைவண்டியை மறுத்தது. மற்றொரு சட்டம் மாட்டுவண்டியையும் மறுக்க இடம் வைத்திருந்தது.

இதனினும் வியப்பானது, மருத்துவ அறிவு வேறு திசையைக் காட்டியபோது அச் சட்டம் பிறந்தமை. மொலக்காய்த் தீவில் தாமியன் அடிகளார் 1889-இல் இந் நோயால் இறந்தபின் எழுந்த அச்சத்தின் விளைவாக, 1890-91-இல் ஓர் ஆணைக்குழு இந்தியாவிற்கு வந்தது. நோய் தொற்றும் அளவு மிகச் சிறிதென்றும், கட்டாயமாகப் பிரித்து வைத்தல் வேண்டாவென்றும் அது முடிவு கூறியது. ஆயினும் சட்டம் வந்தது. ஆனால் ஏழையையே பற்றியது. செல்வர் வீட்டு நோயாளியின் வாயிலை அது தட்டவில்லை.

தமிழ் மாணவர்க்கு இங்கே சிலப்பதிகாரத்து இலஞ்சி மன்றம் நினைவுக்கு வராமற் போகாது. புகார் நகரத்து ஐவகை மன்றங்களுள் ஒன்றாகிய அப் பொய்கையில் கூனரும் குறளரும் மட்டுமன்றி, உடல் அழுகிய நோயாளரும் மூழ்கி நலம்பெற்றதாக இளங்கோவடிகள் பாடுகின்றார். நிகழ்ச்சி கற்பனையாகலாம், ஆனால் நோயாளர் பொதுநீரில் இறங்குவதைப் புலவர் நகரின் சிறப்பாகவே எண்ணினார் என்பது கற்பனையன்று. 1898-ஆம் ஆண்டின் சட்டமோ அந் நீரிலிருந்தே அவர்களை விலக்கிற்று.

விடுதலைக்குப் பின்னரும் சட்டமொழி மாறிற்றில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், கொடியதும் தீராததுமான தொழுநோய் மூன்றாண்டு நீடித்தால் மணவிலக்குக் கோரலாம் என்றது. 1976-ஆம் ஆண்டின் திருத்தம் அம் மூன்றாண்டு வரம்பையும் நீக்கிற்று. மருந்து வளர வளரச் சட்டம் கடுமையாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. 1981-இல் உலக நல நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபின் 'தீராத' என்னும் அடைமொழி வெறும் பொய்யாயிற்று. ஆயினும் ஏட்டில் நின்றது. 2008-இல் ஒரிசா நகராட்சிச் சட்டத்தின்கீழ்த் தொழுநோயுற்றவர் உறுப்பினராதலைத் தடுத்த விதியை உச்சநீதிமன்றமும் நிலைநிறுத்திற்று.

2015 ஏப்பிரலில் ஏ. பி. சா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 256-ஆம் அறிக்கையில் பழைய சட்டத்தை நீக்குமாறு கூறியது. 2016-இல் ஏறத்தாழ 300 வழக்கொழிந்த சட்டங்களோடு ஒரே பட்டியலில் அதுவும் நீங்கிற்று. நூற்றுப்பதினெட்டாண்டுக் கொடுமை ஒரு பட்டியலின் ஒரு வரியாய் முடிந்தமை எமக்கு நிறைவு தரவில்லை. அவையிற் சொல்ல வேண்டியன பல இருந்தன.

தனிநிலைச் சட்டங்களின் திருத்தம் மட்டும் ஈரவையிலும் தனித்து எடுத்துக்கொள்ளப்பட்டது. 2019 சனவரி 7-இல் மக்களவையும், பிப்ரவரி 13-இல் மாநிலங்களவையும் அதனை ஏற்றன. 1869-ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் முதலாக 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு, வாழ்க்கைப்பொருட் சட்டம் ஈறாக ஐந்து சட்டங்களிலிருந்து தொழுநோய் என்னும் காரணம் அகன்றது. எனினும் ஆணையம் தன் அறிக்கையோடு இணைத்த ஒரு வரைவு, நோயாளர்க்கு வேலையிலும் கல்வியிலும் பயணத்திலும் வேற்றுமை காட்டுதலை விலக்க முனைந்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் அதனைத் தொடவில்லை. மணவறையிலிருந்து நீங்கிய சொல், வண்டியிலிருந்தும் பணிமனையிலிருந்தும் அவ்வாறே நீக்கப்படவில்லை.