பாரிஸின் பழைய பெயர் கொண்ட மருந்து

பாரிஸின் லாச்சப்பலில் முருங்கைக்காயும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறும் நம்மவர்களில் பலருக்கு, இந்த நகரத்தின் உரோமர் காலப் பெயர் லுட்டீசியா என்பது தெரிந்திருக்காது. 1907இல் பாரிஸ் வேதியியலர் ஜோர்ஜ் உர்பேன் தான் பிரித்தெடுத்த உலோகத்துக்கு லுட்டீசியம் என்று பெயரிட்டார். நெடுங்காலம் அதற்குப் பெரிய உபயோகம் இருக்கவில்லை.

அதை மருந்தாக்கிய துணை ஆட்டு மூளையிலிருந்து வந்தது. பிரான்சின் திஜோனில் பிறந்த ரொஜே கீய்மென், கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் தன் குழுவோடு செம்மறிகளின் ஹைபோதலமஸை அலசினார். தேடியது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் பொருளை. அகப்பட்டதோ சுரப்பை நிறுத்தும் பொருள். 1973இல் வெளிவந்த அந்த நரம்புப் பெப்டைடுதான் சோமாட்டோஸ்டேட்டின். 14 அமினோ அமிலங்கள் கோத்த வளையம். இரத்தத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். பாசலின் சாண்டோஸ் நிறுவனத்தார் அதை 8 அமினோ அமிலங்களாகச் சுருக்கி ஒக்ட்ரியோடைட் ஆக்கினார்கள். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

குடலிலும் கணையத்திலும் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளின் செல்கள், இந்தப் பெப்டைடைப் பிடிக்கும் ஏற்பிகளை மேற்பரப்பில் அளவுக்கு மிஞ்சி வைத்திருக்கின்றன. பெப்டைடு வந்து ஒட்டியதும் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியானால் அதன் முதுகில் கதிரியக்கத்தை ஏற்றி அனுப்பினால் என்ன? ஏற்றியது லுட்டீசியம்-177. அது வீசும் பீட்டாக் கதிர் திசுவுக்குள் கூடினால் 2 மில்லிமீட்டர் போகும்.

முதலில் இதே வகைப் பெப்டைடில் கேலியம்-68ஐ இணைத்து, பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒளிர்ந்தால்தான் சிகிச்சை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான். பிறகு கதிர்த்தடுப்பு உறைக்குள்ளிருக்கும் சிறு குப்பியிலிருந்து அரை மணி நேரம் மருந்து கையில் ஏறும். சிறுநீரகத்தைக் காக்க ஆர்ஜினினும் லைசினும் கலந்த திரவம் 4 மணி நேரம் ஓடும். 8 வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை.

நடுக்குடல் கட்டி பரவிய 229 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017 ஜனவரியில் வெளியானது. இம்மருந்து பெற்றவர்களில் 65.2 சதவீதத்தினருக்கு 20 மாதத்திலும் நோய் முன்னேறவில்லை என்பது கணிப்பு. கூடிய அளவு ஒக்ட்ரியோடைட் மட்டும் பெற்றவர்களில் அது 10.8 சதவீதம். பரவிய நோயை இது பெரும்பாலும் வேரறுப்பதில்லை, காலம் வாங்கித் தருகிறது. அந்தக் காலம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது! அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது சுவிஸ் எல்லையோரம் சென் ஜெனி பூயியில் பிறந்த நிறுவனம்.

முகம் திடீர் திடீரெனச் சிவந்து சூடேறுவதும், மாதக்கணக்கில் நிற்காத வயிற்றோட்டமும் இந்நோயின் அடையாளங்களாக இருக்கலாம். கறியின் உறைப்பு என்று சொல்லிச் சமாளிக்காதீர்கள். எத்தனை மாதமாக இருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.