தூத்துக்குடிக்காரர் காலில் என்ன இருந்தது?

ஓடுறதுக்கு எந்த ஷூ வாங்கலாம், மெத்தென்று இருப்பதா, பாதத்தை இறுக்கிப் பிடிப்பதா என்று ஒரு நண்பர் கேட்டார். துறைமுகச் சாலையில் தினமும் காலையில் ஓடுகிறவர். பதில் தேடப்போய் நான் வேறொரு கேள்வியில் மாட்டிக்கிட்டேன். இந்தக் கரையில் உழைத்தவர்கள் காலில் இத்தனை காலமும் என்னதான் இருந்தது?

செருப்பு நமக்குப் புதுசில்லை. சங்கப் பாட்டுகளில் அதற்குத் தொடுதோல் என்று ஒரு பெயர். செருப்பு என்ற பெயரில் ஒரு மலையே இருந்திருக்கிறது. பதிற்றுப்பத்துப் புலவர், காலில் மிதிக்காத செருப்பு என்று அடையாளம் சொல்லித்தான் அதைப் பாடுகிறார். (அப்பவே குழப்பம் இருந்திருக்கும் போல!)

ஆனால் முத்துக்குளிக்கப் போனவர் காலில் இருந்தது கல். 1890-களில் எட்கர் தர்ஸ்டனும், அவருக்குப் பிறகு ஜேம்ஸ் ஹார்னெலும் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். கனமான ஒரு கல், அதைக் கட்டிய கயிறு, கயிற்றில் பாதம் நுழைக்க ஒரு வளையம். வளையத்தில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அடி தட்டியதும் காலை உருவிவிட்டால், தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷம், அவ்வளவுதான் மூச்சு. அதற்குள் பாரில் கிடக்கும் சிப்பிகளைப் பையில் வாரிப் போட்டு, கயிற்றைச் சுண்ட வேண்டும். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கரைக்கு எஜமானர்கள் மாறினாலும் இந்தக் கல் மாறவில்லை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

கடலில் செருப்பு உதவாது, சரி. கரையில்? 19-ஆம் நூற்றாண்டில், இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத தென் திருவிதாங்கூரில், நாடார் உள்ளிட்ட சாதியார் செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று தடை இருந்தது. தோள்சீலைப் போராட்டத்தை எல்லோரும் பேசுகிறோம். அந்தத் தடைகளோடு சேர்ந்து வந்த இந்தச் செருப்புத் தடையைப் பேசுவது குறைவு. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் தலித்துகள் ஊர்த்தெருவைத் தாண்டும்வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கதை பழங்கதை இல்லை. ஆக, வெறுங்கால் என்பது எப்பவும் ஏழ்மை மட்டுமே இல்லை, சில இடங்களில் அது உத்தரவு.

இனி உப்பளத்துக்கு வருவோம். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். சாதாரணக் கடல்தண்ணி சுமார் 3.5 டிகிரி பாமே. அதைப் பாத்தி பாத்தியாக வெயிலில் காயவைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கும். அதாவது தொழிலாளி நிற்பது கடல்தண்ணியைவிடப் பல மடங்கு காரமான தண்ணியில். தரையை இறுக்கவும் காலாலேயே மிதிக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். உப்புப் பரல் கீறிய இடத்தில் அந்தத் தண்ணி பட்டால் எப்படி எரியும் என்று விளக்க வேண்டியதில்லை. பித்தவெடிப்பும் புண்ணும் அங்கே சாதாரணம்.

பூட்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ்தான் வழக்கமாகச் சிபாரிசு செய்யப்படுவது. கனம், உள்ளே வேர்வை, மேல்வழியே தண்ணி புகுந்தால் வெளியே போக வழியில்லை, புகுந்த உப்புத்தண்ணி தோலை அங்கேயே ஊறவைக்கும். ஆண்கள் அளவில் செய்ததைப் பெண்கள் மாட்டினால் நடையே வராது. அப்புறம், கொடுத்தாலும் போடமாட்டேங்கிறாங்க என்று ஒரு குறை!

இங்கேதான் நண்பரின் கேள்வி திரும்பி வருகிறது. ஓட்ட ஷூக்களின் அடியில் இருக்கும் ஈவிஏ என்ற நுரை 1970-களில் புழக்கத்துக்கு வந்தது. உள்ளே குட்டிக் குட்டிக் காற்றறைகள். 500-லிருந்து 800 கிலோமீட்டர் ஓடினால் நசுங்கிச் செத்துவிடும் என்பது பொதுக்கணக்கு. பாதத்தின் வளைவைப் பார்த்து, இந்தக் காலுக்கு இந்த ஷூ என்று கடைக்காரர்கள் வெகுகாலம் விற்றார்கள். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாத வடிவம் பார்த்துக் கொடுத்தாலும் காயங்கள் பெரிதாகக் குறையவில்லை. 2001-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஆறு வகை உள்தட்டுகளைப் போட்டுப் பார்த்துத் தனக்குச் சுகமானதைத் தானே எடுத்துக்கொண்ட சிப்பாய்களுக்குக் காயம் குறைந்தது. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் பின்னாளில் இதையே வாதமாக முன்வைத்தார்: காலுக்கு எது ஒத்துவருகிறதோ அதுவே நல்ல ஷூ.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது சின்னதுதான். சாயங்காலம் கடைக்குப் போங்க, அப்போதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்க. ரொம்ப மெத்தென்று இருந்து கணுக்கால் ஆடினால் வேண்டாம். இரண்டு மூன்று ஜோடி போட்டு நடந்து பாருங்க.

உப்பளத்துக்கு வேண்டியதையும் இதே மாதிரி எழுதிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே கொஞ்சம்தான் உயரம், லேசான எடை, வழுக்காத அடி, தண்ணி புகுந்தால் வடிய வழி, பெண்கள் அளவு, மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க நாலு வகை. இதில் எதுவும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இருக்கிறது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. செய்யாறில் நைக்கி ஷூவே தயாராகிறது.