அறிபுனை விமான மாதிரிகள்: கட்டுதலும் அழுக்கேற்றுதலும்

திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் கற்பனை விமானங்களைச் சிறிய அளவில், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கட்டி, வண்ணம் பூசி, நெடுநாள் புழங்கிய பொருளின் தோற்றம் வரும்படி அழுக்கேற்றும் கைவேலை இது. உண்மைப் போர் விமானங்களின் மாதிரி கட்டுவதிலிருந்து கிளைத்து, 1970களின் இறுதிக்குப் பிறகு தனித் துறையாக வளர்ந்தது. 1/72, 1/100, 1/144 ஆகியவை இதில் பரவலான அளவுகள். ஸ்டார் வார்ஸ் படங்களின் எக்ஸ்-விங், ஜப்பானிய மேக்ராஸ் தொடரின் விஎஃப்-1 வால்கிரி ஆகிய இரண்டும் திரும்பத் திரும்பக் கட்டப்படுபவை. துறையின் இரு துருவங்களாகவும் அவற்றைக் கொள்ளலாம்.

ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மாதிரியைக் கட்டுபவருக்கு ஓர் ஐயம் வந்தால் அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தையோ பழைய புகைப்படத்தையோ பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். கற்பனை விமானத்துக்கு அந்த வசதி இல்லை. எக்ஸ்-விங்கின் மூலம் இன்னொரு மாதிரி. வால்கிரியின் மூலம் ஒரு சித்திரம். இந்த ஒரு வேறுபாடு கட்டுதலிலும் பூச்சிலும் அழுக்கிலும் கடைசிவரை கூடவே வருகிறது.

அளவு

1/72 என்பது அடி-அங்குலக் கணக்கில் பிறந்தது: மாதிரியில் ஓர் அங்குலம், நிஜத்தில் ஆறு அடி. 1930களில் பிரிட்டனில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற மரத்தாலான மாதிரிகளும், 1936இல் ஃப்ராக் நிறுவனத்தின் பெங்குவின் வரிசைப் பிளாஸ்டிக் மாதிரிகளும் இந்த அளவை நிலைநிறுத்தின. 1/144 அதில் சரிபாதி.

எக்ஸ்-விங்கின் நீளம் 12.5 மீட்டர் என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டால் அது 1/72இல் ஏறக்குறைய 17.4 செ.மீ., 1/144இல் 8.7 செ.மீ. வால்கிரியின் விமான வடிவம் 14.23 மீட்டர், 1/72இல் 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கையில் அடங்கும் இந்தச் சிறுமைதான் வேலையைக் கடினமாக்குகிறது. 1/72 மாதிரியை முப்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை 21 மீட்டருக்கு மேல் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் எது கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும் காட்டினால் போதும். அரை மில்லிமீட்டர் அகலத்தில் பெயின்ட் உதிர்ந்த ஒரு புள்ளியை வைத்தால் அது நிஜத்தில் 36 மில்லிமீட்டர். 1/144இல் 72 மில்லிமீட்டர், உள்ளங்கை அகலம். பார்த்தவுடன் பொம்மை என்று தோன்றும் பெரும்பாலான மாதிரிகளில் குற்றம் இந்தக் கணக்கில்தான் இருக்கும்.

மாதிரியின் மாதிரி

1975இல் ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கூடம் கலிபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் ஒரு கிடங்கில் இயங்கியது. கோலின் கான்ட்வெல் முதல் வடிவங்களைத் தந்தார், ஜோ ஜான்ஸ்டன் அவற்றைச் செப்பனிட்டார், கிராண்ட் மெக்யூன் தலைமையில் மாதிரிகள் உருவாயின. படத்துக்காகக் கட்டிய எக்ஸ்-விங் ஏறக்குறைய 1/24 அளவு, நீளம் அரை மீட்டரை ஒட்டியது. அந்தக் கூடத்தில் கலங்களின் மேற்பரப்பை நிரப்பிய குழாய்களும் பெட்டிகளும் தட்டுகளும் பெரும்பாலும் கடையில் வாங்கிய டாங்கி, பீரங்கி, பந்தயக் கார் மாதிரிப் பெட்டிகளிலிருந்து பிய்த்து ஒட்டியவை. ஆக இன்று கடையில் விற்கும் எக்ஸ்-விங் பெட்டி, பழைய கடைப்பெட்டித் துண்டுகளால் ஆன ஒன்றைச் சிறிதாக்கி மீண்டும் பெட்டியில் போட்டு விற்பது. ஒரு டாங்கியின் உறுப்பு விண்கலத்தின் உறுப்பாகி, நுட்பமாக அளந்து வார்க்கப்பட்டு, மறுபடி கடைக்கே வந்திருக்கிறது. இதைவிட வேடிக்கையான சுற்று பொழுதுபோக்கு உலகில் குறைவு.

புத்தம் புதிதாக மின்னும் விண்கலங்களுக்கு மாறாக, அடிபட்டு, கரி படிந்து, ஒட்டுப்போட்ட கலங்களே வேண்டும் என்பது லூகாஸின் விருப்பம். அவருக்கு முன்பே, 1965இல் ஒளிபரப்பான தண்டர்பேர்ட்ஸ் தொடருக்காக டெரெக் மெடிங்ஸின் குழு பிரிட்டனில் மாதிரிகளை வேண்டுமென்றே அழுக்காக்கியது. அழுக்கு அழகுக்காக மட்டுமல்ல. கறையோ கோடோ இல்லாத வழவழப்பான பரப்பில் கண்ணுக்கு அளவு பிடிபடாது. நீலத் திரைக்கு முன் படமெடுக்கும்போது பளபளப்பான பரப்பு அந்த நீலத்தைப் பிரதிபலித்துக் காட்சியைக் கெடுக்கும் என்ற நடைமுறைச் சிக்கலும் இருந்தது. 1976இல் வந்த ஸ்டார் வார்ஸ் நாவலில் நாயகன் லூக் நீல அணியில் பறக்கிறான். படத்தில் சிவப்பு அணி. மாற்றத்துக்குக் காரணம் அதே நீலத் திரை.

இந்த மூல மாதிரிகள் இன்று பெரும் செல்வம். மாதிரிக் கலைஞர் கிரெக் ஜெயின் 2022இல் இறந்தபின் அவருடைய சேகரிப்பில் கிடைத்த ஓர் எக்ஸ்-விங், 2023 அக்டோபரில் ஹெரிடேஜ் ஏலத்தில் 31 லட்சம் டாலருக்கு மேல் போனது.

சித்திரத்தின் மாதிரி

வால்கிரியின் கதை வேறு. ஷோஜி கவமோரி வடிவமைத்த இது, அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட்டைத் தழுவியது. பின்னோக்கிச் சாயும் இறக்கை, இரட்டை வால், இரட்டை எஞ்சின் எல்லாம் அதிலிருந்து வந்தவை. விமானமாகவும், கால் முளைத்த இடைவடிவமாகவும், நிற்கும் எந்திர மனிதனாகவும் மாறும். 1982 அக்டோபர் முதல் 1983 ஜூன் வரை 36 பகுதிகளாக மேக்ராஸ் ஒளிபரப்பானபோது இமாய், அரீ நிறுவனங்கள் பெட்டிகளை விற்றன. மூன்று வடிவத்துக்கும் மாறும் மாதிரிகளும் அவற்றில் உண்டு. அந்த ஆசைக்கு விலை விமானத்தின் மெலிந்த உருவம். எல்லாவற்றுக்கும் இடம் விட்டதில் எதுவும் ஒழுங்காக அமையவில்லை.

2000களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்தைச் சேர்ந்த ஹசெகவா, மூன்று வடிவங்களையும் மூன்று தனிப் பெட்டிகளாக 1/72இல் வெளியிட்டது. எதுவும் மாறாது. உண்மை விமான மாதிரிகளில் பெயர்பெற்ற நிறுவனம், வால்கிரியை உண்மை விமானம்போலவே நடத்தியது. கையால் வரைந்த அசைவுப்படத்தில் தகட்டு இணைப்புகளோ பராமரிப்பு மூடிகளோ அவ்வளவாக இருக்காது. அவற்றை எங்கே வைப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இன்று பலர் மனத்தில் இருக்கும் வால்கிரி, தொலைக்காட்சியில் வந்ததைவிட இந்தப் பெட்டியில் வந்ததுதான்.

கட்டுதல்

துண்டுகள் ரன்னர் எனும் சட்டத்தில் இணைந்தே வரும். நிப்பரால் இரண்டு தடவையாக வெட்டுவது நல்லது: முதலில் சற்றுத் தள்ளி, பிறகு ஒட்டி. மிச்ச முளையைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் நீக்குவார்கள். பாலிஸ்டைரீனுக்கான மெல்லிய பசை, பிளாஸ்டிக்கின் விளிம்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும். இணைப்புக்கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் தானே உள்ளே ஓடிவிடும். இடைவெளி இருந்தால் பட்டி பார்த்து, காய்ந்ததும் தேய்க்க வேண்டும். தேய்ப்பில் அழிந்த தகட்டுக் கோடுகளை ஊசியால் மறுபடி கீறுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம்.

எக்ஸ்-விங்குக்கு இரண்டு வழி உண்டு. ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனம் 2000களில் விற்றது பசை வைத்து ஒட்டுவது. 2014 இறுதியில் பண்டாய் நிறுவனம் கொண்டுவந்தது, வண்ணப் பிளாஸ்டிக்கில் வார்த்து, அழுத்திப் பொருத்தும் வகை. பசையே தேவையில்லை, இணைப்புகள் பெரும்பாலும் தகட்டுக் கோட்டிலேயே ஒளிந்துகொள்ளும். தொடங்குபவருக்கு இதையே பரிந்துரைக்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, அது பூச்சின்போதுதான் வெளிப்படும்.

பூச்சும் அழுக்கும்

வேலையின் வேதியியல் எளிது: கீழே வலுவான பூச்சு, மேலே அதைக் கரைக்காத பூச்சு. அடிநிறத்தை லாக்கரிலோ அக்ரிலிக்கிலோ ஏர்பிரஷ்ஷால் அடித்து, பளபளப்பான வார்னிஷால் மூடி, நீரில் நழுவும் டீக்கால் சின்னங்களை ஒட்டி, மறுபடி மூடுவார்கள். அதன்மேல் நன்றாக நீர்க்க வைத்த எனாமலைத் தகட்டுக் கோடுகளில் ஓடவிட்டு, எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் மிகுதியைத் துடைத்தால் கோட்டுக்குள் மட்டும் கறை தங்கும். கீழே இருக்கும் லாக்கர் அசையாது. வெள்ளை விமானத்தில் கறுப்பு எனாமல் கூடாது. கோடுகள் கட்டம்போட்ட நோட்டுத்தாள்போல் துருத்தி நிற்கும். இளம் சாம்பலும் பழுப்பும் கலந்தது போதும். 0.2 மில்லிமீட்டர் கோடு 1/72இல் 14 மில்லிமீட்டர் அகல விரிசல் என்பதையும் மறக்கக் கூடாது.

முன்சொன்ன பொறி இங்கேதான். அழுத்திப் பொருத்திய துண்டுகள் இறுக்கத்தில் இருக்கும். எனாமல் தின்னர் அந்த இடுக்குகளுக்குள் இறங்கினால் பிளாஸ்டிக் விரிசல்விட்டு உடையும். சில சமயம் மறுநாள்தான் தெரியும். பொருத்தும் முளைகளைச் சற்றுத் தேய்த்துத் தளர்த்துவது, தின்னரைக் குளிப்பாட்டாமல் துளித்துளியாகத் தொடுவது, இடுக்குகளை வார்னிஷால் முன்பே அடைப்பது ஆகியவை காப்பு.

எக்ஸ்-விங்கின் சிவப்புக் கோடுகள் பழசாக வேண்டும். அந்தக் கோடு வெள்ளை உடலின் மேல் அடித்த பெயின்ட்; உதிர்ந்தால் முதலில் தெரிவது உலோகம் அல்ல, அந்த மங்கிய வெள்ளை. ஆகவே வெள்ளையின் மேல் ரப்பர் திரவத்தைப் பஞ்சுத் துணுக்கால் புள்ளிபுள்ளியாக ஒற்றி, சிவப்பை அடித்து, காய்ந்ததும் ரப்பரை உரித்தெடுப்பார்கள். எங்கும் வெள்ளிப் புள்ளி தெளிப்பவர்கள் இந்த அடுக்கை யோசிப்பதில்லை.

வழிந்த கறைக்கு ஒரு திசை வேண்டும். பூமியின் விமானத்தில் எண்ணெய்க் கசிவு காற்றோடு பின்னோக்கி ஓடும். வெற்றிடத்தில் காற்றே கிடையாது. ஆயினும் எக்ஸ்-விங்குகள் யாவின் 4 என்ற காட்டு நிலவில், கல் கோவிலுக்குள் நிறுத்தப்படுபவை. அந்த வெளிப்புறக் காட்சிகளைக் குவாத்தமாலாவின் திகாலில் படமாக்கினார்கள். மழைக்காட்டில் நிற்கும் கலத்தில் கறை தரையை நோக்கி இறங்குவதும், புறப்பாட்டில் வளிமண்டலத்தைக் கிழித்துப் போவதால் பின்னோக்கி இழுபடுவதும் இரண்டும் நியாயமே.

வால்கிரியில் இது இன்னும் சுவையான புதிர். விமான வடிவத்தில் எஞ்சின்கூடுகளாக இருப்பவையே எந்திர மனிதனின் கால்கள், எஞ்சின் வாய்களே பாதங்கள். எனவே காற்றில் பின்னோக்கி ஓடிய கறையும் நிற்கும்போது கீழிறங்கிய கறையும் கால்களில் ஒரே திசை. மூக்கு மட்டும் நிற்கும் வடிவத்தில் கீழே மடங்கித் தொங்கும். அங்கே காற்றுக் கறையும் கசிவுக் கறையும் எதிரெதிர். மூக்கில் முன்னும் பின்னுமாக மெல்லிய தடங்களைக் கலந்து வைப்பவர் இந்த இயந்திரத்தைப் புரிந்துகொண்டவர்.

சித்திரத்தில் அழுக்கு இல்லாததால் நிறச்சிதைவுக்கு எஃப்-14ஐத்தான் பார்க்க வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலில் உப்புக்காற்று அரிக்கும். பராமரிப்புக் குழு அரித்த இடத்தைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் வைக்கும். அதனால் கப்பல் விமானங்களில் துருவைவிட ஒட்டுப்பூச்சுத் திட்டுகளே அதிகம். அடிநிறத்தோடு துளி வெள்ளையோ சாம்பலோ கலந்து, ஒழுங்கற்ற சிறு திட்டுகளாக அடித்தால் அது வந்துவிடும். மேக்ராஸ் வெறுமனே டாம்கேட்டின் உருவத்தோடு நிற்கவில்லை. தொடரில் அணித்தலைவனான ராய் ஃபோக்கரின் விஎஃப்-1எஸ் வகை வால்கிரியின் வாலில் உள்ள மண்டையோடு, அமெரிக்கக் கடற்படையின் ஜாலி ரோஜர்ஸ் அணியிலிருந்து வந்தது. அந்தக் கடற்படையில் தலைமை அதிகாரியின் பெயர் தாங்கிய விமானம் மற்றவை சாம்பலாகிப்போன காலத்திலும் வண்ணச் சின்னத்தோடு பளிச்சென்று இருக்கும். ஆகவே ஃபோக்கரின் மஞ்சள்-கறுப்புக் கோடிட்ட விமானத்தைக் கரியில் முக்கி எடுப்பது பொருந்தாது. கனத்த அழுக்கு, கதையில் பெயரில்லாத விமானிகள் ஓட்டி அடிபடும் பழுப்பு நிற விஎஃப்-1ஏ வகைக்கே ஏற்றது.