குதிரை முகத்தின் அறைகள்



மூக்கு அடைபட்டால் நாம் வாயினால் மூச்சு விடுகின்றோம். குதிரைக்கோ அவ்வசதி இல்லை. அதன் மெல்லண்ணம் மிக நீண்டது. குரல்வளை மூடியின் அடிப்பாகத்தைத் தழுவி நின்று, வாயையும் மூச்சுவழியையும் திரைபோலப் பிரித்து வைக்கின்றது. ஆதலால் குதிரையின் உயிர் அதன் நாசியையே நம்பியிருக்கின்றது.

அந்நாசியைச் சூழ்ந்த எலும்புகளுக்குள்ளே காற்று நிறைந்த அறைகள் பல உண்டு. மேல்தாடையின் பின்புறக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் அத்தகைய அறைகளினுள்ளே புடைத்து நிற்கின்றன. மாட்டிலோ நெற்றியறை கொம்பினுள்ளும் நீண்டு செல்கின்றது. வளர்ந்த மாட்டின் கொம்பை அடியோடு அறுத்தால் அவ்வறை திறந்துவிடுவது இதனாலேயாம்.

குதிரையின் உடலமைப்பை விரித்துரைக்கும் பெருநூல் ஒன்று 1598ஆம் ஆண்டு இத்தாலியிலே வெளிவந்தது. அதனை எழுதியவர் போலோஞா நகரத்துக் கார்லோ ருயினி. ஆயினும், நூலறிவு நோய் தீர்க்கும் அறிவாக மாறுவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

அக்காலத்தில் ஐரோப்பியக் குதிரை இலாயங்களை நடுங்கவைத்தது ‘கிளாண்டர்ஸ்’ என்னும் கொடுநோய். நாசியிலே புண் தோன்றும், சீழ் ஒழுகும், தாடையின் கீழே கழலை கட்டும். குதிரையைப் பேணும் மனிதரையும் அது கொல்லவல்லது. நோயின் இருப்பிடம் எது? உள்ளுறுப்புகளே என்றனர் பலர். பிரான்சு மன்னரின் இலாயத்தில் இலாடத் தொழில் புரிந்த எத்தியேன் கில்லோம் லஃபோஸ் என்பவர், இறந்த குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். நாசியையும் அதன் அறைகளையும் போர்த்திய மென்சவ்வே நோயின் இருப்பிடம் என்று 1749இல் நூலெழுதி வெளியிட்டார். அதோடு அமையாது, உயிருள்ள குதிரையின் முகவெலும்பிலே துளையிட்டு, அறைகளை மருந்துநீரால் கழுவும் முறையையும் வகுத்தார்.

அம்முறை கிளாண்டர்ஸைத் தீர்த்ததா? இல்லை. அந்நோய் ஓரிடத்தில் அடங்குவதன்று, நுரையீரலையும் பற்றுவது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவது. அதன் கிருமியை லெஃப்லர், ஷூட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1882இல் கண்டறிந்தனர். பின்னர், நோயுற்ற விலங்குகளைச் சோதனையால் இனங்கண்டு அழித்தே மேற்கு ஐரோப்பிய நாடுகள் அதனை ஒழித்தன. அதற்குத் தடுப்பூசி இன்றும் இல்லை.

அப்படியாயின் லஃபோஸின் உழைப்பு வீணாயிற்றோ? அன்று. பல்வேர் அழுகுவதால் முகவறையிலே சீழ் தங்கும்போது, எலும்பிலே துளையிட்டுக் கழுவும் சிகிச்சையை மிருக வைத்தியர் இன்றும் கையாளுகின்றனர். நோயின் காரணத்தை அவர் அறிந்தாரல்லர். ஆனால் அறையின் இடத்தைப் பிழையின்றி அறிந்திருந்தார். அவ்வறிவு, அவர் எண்ணியிராத வேறொரு நோய்க்கு மருந்தாயிற்று.