வெடிமருந்தின் வெப்பமும் உடலின் வெப்பமும்: உலகப்போர்ப் பாடங்களும் சிவகாசிப் பட்டாசு அறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

சிவகாசிப் பட்டாசுத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் தொழில் முனைவோரின் வரலாறாகவோ விபத்துகளின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. பட்டாசு செய்யும் அறையின் வெப்பம் குறைவாகவே கவனம் பெற்றுள்ளது. இரண்டு உலகப்போர்களும் வெப்பம் பற்றி இருவேறு பாடங்களைத் தந்தன. வெடிமருந்து வெப்பத்தால் நிலைகுலையும் என்பது ஒன்று. வெப்பத்தால் தளர்ந்த தொழிலாளி விபத்துக்கு உள்ளாவார் என்பது மற்றொன்று. இவ்விரு பாடங்களும் இந்தியாவில் இரு தனித்தனிச் சட்டங்களுள் அடங்கின. அப்பிரிவு சிவகாசியின் பட்டாசு அறையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிவகாசி, பட்டாசுத் தொழில், உலகப்போர், வெடிபொருள் விதிகள், தொழிற்சாலைச் சட்டம், வெப்பத் தணிப்பு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் 1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், வெம்பக்கோட்டை வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் நிலப்பகுதியே இந்தியப் பட்டாசு உற்பத்தியின் மையமாகும். மழை குறைந்த வறண்ட காலநிலை இத்தொழில் இங்கு வேரூன்றியதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்படுவது வழக்கம். தீக்குச்சியும் திரியும் மருந்தேற்றிய குழாயும் உலர வெயில் வேண்டும். உலர்த்து மேடைக்கு உதவும் அதே வெயில்தான் அறைக்குள் அமர்ந்து மருந்து செலுத்துவோரை வாட்டுகிறது. இம்முரணைப் புரிந்துகொள்ளத் தொழிலின் தோற்றத்தையும், அதனை நெறிப்படுத்தும் விதிகளின் பின்புலத்தையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது.

போரும் தொழிலின் தோற்றமும்

முதல் உலகப்போருக்கு முன் இந்தியச் சந்தையில் சுவீடன் தீப்பெட்டிகள் மிகுந்திருந்தன. போர்க்காலத்தில் அவற்றின் வரத்துக் குறையவே, ஜப்பானியத் தீப்பெட்டிகள் அவ்விடத்தைப் பிடித்தன. 1922ஆம் ஆண்டு இறக்குமதித் தீப்பெட்டி மீதான வரி ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. அரசின் வருவாய்த் தேவைக்காக விதிக்கப்பட்ட அவ்வரி உள்நாட்டு உற்பத்திக்கு அரணாக அமைந்தது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது இக்காலத்திலேயே ஆகும். தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண மத்தாப்புத் தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும் உருவாயின.

இரண்டாம் உலகப்போர் அயல்நாட்டுப் பட்டாசு வரத்தைத் தடுத்தது. உள்நாட்டு உற்பத்திக்கு வழி பிறந்த அதே காலத்தில் 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே சந்தை, உரிமம் ஆகிய இரண்டும் போர்ச்சூழலிலேயே சிவகாசியை வந்தடைந்தன எனலாம். போரின் பொருளியல் விளைவு பலராலும் சுட்டப்பட்ட ஒன்று. வெப்பம் பற்றிய போர்க்கால அறிவு என்னவாயிற்று என்பதே இங்கு எழும் வினாவாகும்.

முதற்பாடம்: மருந்தின் வெப்பம்

நைட்ரோ செல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையிலா வெடிமருந்துகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கருமருந்தின் இடத்தைப் பிடித்தன. இவை வெப்பத்தில் மெல்லச் சிதைபவை; சிதையுந்தோறும் தாமே வெப்பத்தை வெளியிடுபவை. பிரெஞ்சுப் போர்க்கப்பல்களான இயேனா 1907ஆம் ஆண்டிலும் லிபெர்த்தே 1911ஆம் ஆண்டிலும் தூலோன் துறைமுகத்தில் வெடித்தழிந்தன. சிதைவுற்ற மருந்தே இவற்றிற்குக் காரணமாகக் கருதப்பட்டது. 1917 ஜூலை 9 அன்று பிரிட்டனின் வான்கார்டு கப்பல் நங்கூரமிட்டிருந்த நிலையிலேயே வெடித்து 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் கிடங்கின் வெப்பம் ஐயத்திற்குள்ளாயிற்று. மருந்துக் கிடங்கில் வெப்பமானி வைத்து நாள்தோறும் பதிவு செய்தல், கிடங்கைக் குளிர்வித்தல், மருந்தைக் காலமுறைப்படி சோதித்தல் ஆகியன கடற்படைகளின் அன்றாட ஒழுங்குகளாயின.

தரையிலும் இத்தகைய பாடங்கள் கிடைத்தன. 1916 ஏப்ரல் 2 அன்று இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் வெடிமருந்து ஆலையில், கிடங்கின் சுவரையொட்டிக் கிடந்த வெற்றுச் சாக்குகளில் பற்றிய தீ உள்ளிருந்த வெடிபொருளை எட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்தியாவிற்கு மிக அண்மையான சான்று பம்பாய்த் துறைமுகத்தினுடையது. 1944 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் பருத்திப் பொதிகளும் அடுத்தடுத்து ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியில் கனன்ற தீயை நீரால் அணைக்க இயலவில்லை. கப்பலின் இரும்புப் பக்கச்சுவர் காய்ந்து வெப்பம் வெடிபொருளை அடைந்தது. தீயணைக்கச் சென்ற வீரர்களுள் 66 பேர் உயிரிழந்தனர். அந்நாளே இன்றளவும் தீயணைப்புத் துறையினரின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வெடிபொருளை எரிபொருளிலிருந்து பிரித்து வைத்தல், ஓரிடத்தில் இருக்கும் அளவைக் குறைத்தல், அறைகளுக்கிடையே பாதுகாப்புத் தொலைவு விடுதல், ஆட்களின் எண்ணிக்கையை வரையறுத்தல் ஆகியவை வெடிபொருள் ஒழுங்குமுறையின் நான்கு தூண்களாகும். இவற்றின் வேர் 1875ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வெடிபொருள் சட்டத்திலும் 1884ஆம் ஆண்டின் இந்திய வெடிபொருள் சட்டத்திலும் உள்ளது. போர்க்கால அழிவுகள் அவற்றின் இன்றியமையாமையை மெய்ப்பித்தன. பட்டாசு அறை ஒன்றில் நால்வருக்கு மேல் பணியாற்றக் கூடாது என்னும் கட்டுப்பாடும் இம்மரபினதே.

எனினும் பாடங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரைவில் பரவிவிடுவதில்லை. குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து சிறு உராய்விலும் வெப்பத்திலும் தீப்பற்றுவது. பட்டாசில் அக்கலவையைப் பிரிட்டன் 1894ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. இந்தியாவில் அத்தடை 1992ஆம் ஆண்டில்தான் வந்தது. இடைப்பட்ட 98 ஆண்டுகளுள் இரண்டு உலகப்போர்களும் சிவகாசித் தொழிலின் முழு வளர்ச்சியும் அடங்கிவிடுகின்றன.

இரண்டாம் பாடம்: உடலின் வெப்பம்

முதல் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுத் தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கான பெண்கள் பணியமர்த்தப்பட்டனர். அவர்களின் உடல்நலத்தையும் வேலைத்திறனையும் ஆராய 1915ஆம் ஆண்டு ஜார்ஜ் நியூமன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. காற்றோட்டம், வெப்பநிலை, வேலைநேரம், உணவுக்கூடம், ஓய்வு ஆகியவற்றை அக்குழு உற்பத்தியோடு தொடர்புடையவையாகக் கண்டது. அத்தொழிற்சாலைகளின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த எச்.எம். வெர்னன், ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் அளவில் விபத்துகள் மிகக் குறைவாக இருப்பதையும், அறை அதனினும் குளிர்ந்தாலும் வெப்பமுற்றாலும் அவை கூடுவதையும் வெளிப்படுத்தினார். குளிரில் விரல் விறைக்கிறது. வெப்பத்தில் கவனம் சிதறுகிறது. அறையின் வெப்பநிலை தொழிலாளியின் நலனோடு விபத்துத் தடுப்பையும் சார்ந்தது என்பது இதனால் நிறுவப்பட்டது.

இப்பாடம் இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2025ஆம் ஆண்டு வரை நடைமுறையிலிருந்த அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு போதிய காற்றோட்டத்தையும் தாங்கத்தக்க வெப்பநிலையையும் கோரியது; இயன்றவரை வெப்பம் உயராதவாறு சுவரும் கூரையும் அமைய வேண்டும் என்றது. 47ஆம் பிரிவு 150 பேருக்கு மேற்பட்டோர் வழக்கமாகப் பணியாற்றும் ஆலைகளில் ஓய்வறையையும் உணவறையையும் கட்டாயமாக்கியது. ஆயின் பட்டாசு அறையின் அமைப்பை முதன்மையாகத் தீர்மானிப்பது வெடிபொருள் விதியே ஆகும். மருந்தின் வெப்பத்தை ஒரு சட்டமும் உடலின் வெப்பத்தை மற்றொரு சட்டமும் காக்கின்றன. இரண்டும் ஒரே சுவருக்குள் சந்திக்கின்றன என்பது எந்த ஒன்றிலும் முழுமையாக உணரப்படவில்லை.

விடுதியைக் குளிர்வித்த முறைகளும் பட்டாசு அறையும்

வெப்ப நிலத்தில் கட்டடத்தைக் குளிர்விக்கும் அறிவு இல்லாமலில்லை. காலனியக் காலப் பயணியர் விடுதிகளும் அலுவலர் மாளிகைகளும் இதற்குச் சான்று. தடித்த சுவர், உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம், ஆள் இழுக்கும் பங்கா, நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி ஆகியன அங்குத் தங்குவோரின் வெப்பத்தைத் தணித்தன. இம்முறைகளை ஒவ்வொன்றாகப் பட்டாசு அறையோடு ஒப்பிட்டால் சிக்கலின் ஆழம் விளங்கும்.

தடித்த சுவரும் கனத்த கூரையும் வெப்பத்தைத் தாமதப்படுத்தும். வெடிப்பு நேர்ந்தாலோ அவையே இடிபாடாக விழுந்து உயிர் குடிக்கும். பங்காவும் மின்விசிறியும் காற்றை அசைக்கும். அக்காற்றில் நுண்ணிய அலுமினியத் தூளும் பறக்கும். சாதாரண மின்னிணைப்பின் சிறு பொறியும் அங்குப் பேரிடராகும். நனைந்த தட்டி காற்றைக் குளிர்விக்கும். ஆனால் ஈரம்பட்ட அலுமினியக் கலவை வேதிவினை புரிந்து தானே சூடேறக் கூடியது. முந்தைய நாள் எஞ்சிய மருந்து கண்டிப்பாக அகற்றப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மறுபுறம், மிகை வறட்சியோ நிலைமின்னேற்றத்தை வளர்க்கிறது. ஆகவே ஈரமும் பகை, வறட்சியும் பகை என்னும் நிலையில் பட்டாசு அறை நிற்கிறது. விடுதியில் விருந்தினரை மட்டும் எண்ணிக் கட்டினால் போதும். இங்கு மருந்தையும் மனிதரையும் ஒருங்கே எண்ண வேண்டும்.

மரத்தடி ஒரு சான்று

பட்டாசு ஆலைகளில் கண்டறியப்படும் விதிமீறல்களுள் அடிக்கடி இடம்பெறுவது, அறைக்கு வெளியே மரத்தடியில் பட்டாசு செய்தல் ஆகும். இது ஒழுங்கீனமாக மட்டுமே பதியப்படுகிறது. துண்டுக்கூலி முறை, உள்குத்தகை, தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் உற்பத்தி நெருக்கடி, நால்வர் வரம்பால் நேரும் இடப்பற்றாக்குறை ஆகியன இதன் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கோடை நண்பகலில் அறையைவிட மரநிழல் குளிர்ந்தது என்னும் எளிய உண்மையும் இதனுள் அடங்கியுள்ளது. உடல் தேடும் நிழலுக்கு மருந்தும் உடன் செல்கிறது. அறைகளுக்கிடையே விதி வகுத்த தொலைவு அங்குப் பொருளிழந்து போகிறது. முதற்பாடத்தை மீறுமாறு இரண்டாம் பாடத்தின் புறக்கணிப்பு தூண்டுகிறது என்றே இதனைக் கருத வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். முதல் வெடிப்பிற்குப் பின் அங்குத் திரண்டோரும் அவர்களுள் அடங்குவர். எரியும் வெடிபொருளை நெருங்கக் கூடாது என்பதைப் பம்பாய்த் துறைமுகம் 68 ஆண்டுகளுக்கு முன்பே உணர்த்தியிருந்தது. அந்நாள் நினைவுநாளாக நிலைத்ததேயன்றி, ஊர்மக்களின் பயிற்சியாக மாறவில்லை.

செய்யத்தக்கன

மருந்தை இடருக்குள்ளாக்காமல் உடலைக் குளிர்விக்கும் வழிகள் சில உள்ளன. கூரையில் வெண்சுண்ணாம்பு பூசி வெயிலைத் திருப்புதல், இலகுவான இரட்டைக் கூரை, மேற்கு வெயில் நேரே படாத திசையமைப்பு, மருந்துக் கலவையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்தல், நண்பகலில் கட்டாய இடைவேளை ஆகியன அவற்றுள் சில. பயணியர் விடுதியின் தாழ்வாரமும் நனைந்த தட்டியும் பட்டாசு அறைக்குப் பொருந்தாவிடினும், உரிய தொலைவில் அமையும் ஓய்வுக்கூடத்திற்கு முற்றிலும் பொருந்துவன. ஆனால் அத்தகைய கூடத்திற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 150 பேர் என்னும் எண்ணிக்கை வரம்பு தடையாக இருந்தது. நாக்பூர், சென்னை, மாவட்ட வருவாய் அலுவலர் என மூன்று நிலைகளில் உரிமம் வழங்கப்படும் இத்தொழிலில் சிறிய ஆலைகள் பல. ஓய்வுக்கூடத்தை ஆள் எண்ணிக்கையோடு பிணைக்காமல் உரிம நிபந்தனையோடு பிணைத்தால், இரு சட்டங்களுக்கும் இடையிலான இடைவெளி குறையும்.

முடிவுரை

உலகப்போர்கள் சிவகாசிக்குச் சந்தையைத் தந்தன. உலகிற்கு வெப்பம் பற்றிய இரு பாடங்களைத் தந்தன. மருந்தைக் காக்கும் பாடம் விதியாகி அறையின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் தீர்மானித்தது. மனிதரைக் காக்கும் பாடம் சட்டத்தில் இடம்பெற்றும் அறைக்குள் நுழையவில்லை. 2024ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ள நிலையில், அறையின் வெப்பநிலையை வெடிபொருள் பாதுகாப்பின் ஒரு கூறாகவே அளந்து பதிவு செய்வது காலத்தின் தேவையாகிறது. போர்க்கப்பலின் மருந்துக் கிடங்கில் நூறாண்டுகளுக்கு முன் தொங்கவிடப்பட்ட வெப்பமானி, மருந்தோடு மனிதரும் அமர்ந்திருக்கும் அறையில் இன்னும் தொங்கவிடப்பட வேண்டியுள்ளது.