கண்டுபிடித்தவர் யார்? வளைந்த கிருமி ஒன்றின் வரலாறு



தேர்வுத் தாளில் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "கேம்பைலோபேக்டர் என்னும் கிருமியைக் கண்டுபிடித்தவர் யார்? எந்த ஆண்டு?" உடனே ஒரு பெயரையும் ஓர் ஆண்டையும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகத்தான் நம் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேள்வி ஒரே பெயரில் முடிகிற கேள்வி இல்லை. ஏன் முடியாது என்று புரிந்துகொண்டால், "காரணமும் விளைவும்" என்று நாம் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அதற்கு நல்ல எடுத்துக்காட்டு கையில் கிடைத்துவிடும்.

முதலில் கிருமியைப் பார்ப்போம்

கேம்பைலோபேக்டர் என்றால் கிரேக்க மொழியில் "வளைந்த கோல்" என்று பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால் காற்புள்ளி போலவும், சில நேரம் திருகு போலவும் தெரியும். துள்ளித் துள்ளி ஓடும். இதன் குணம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள அளவு ஆக்சிஜன் இதற்கு ஆகாது, ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டாலும் வளராது. ஏறக்குறைய 5 விழுக்காடு இருந்தால் போதும். இந்த ஒரு குணம்தான் பின்னால் பல மருத்துவர்களை ஏமாற்றியது.

1886: வரைந்தார், வளர்க்க முடியவில்லை

ஜெர்மனியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக்கின் பெயரை நீங்கள் அறியாமலே அறிவீர்கள். ஈ.கோலை என்கிறோமே, அதில் உள்ள "ஈ" அவர் பெயர்தான். வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் குடலில் திருகு வடிவக் கிருமிகளைக் கண்டதாக 1886இல் அவர் எழுதினார். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் அவற்றை வளர்க்க முடியவில்லை. நோய்க்கு இதுதான் காரணம் என்றும் அவர் கருதவில்லை. அந்தக் குறிப்பு அப்படியே தூங்கிவிட்டது. ஏறக்குறைய 100 ஆண்டு கழித்துத்தான் அது யாருடைய கண்ணிலோ பட்டது.

1906: ஆட்டுக் கொட்டகையில் ஒரு விருந்தாளி

தோட்டப்புறத்தில் மாடு வளர்த்த தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "கன்னு வீசிடுச்சு" என்று சொல்வார்கள். மாதம் நிறையாமல் கன்று செத்து விழுவதைத்தான் அப்படிச் சொல்வது. மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது பெரிய அடி. கன்றும் போச்சு, பாலும் போச்சு.

இதே துயரம் பிரிட்டனின் விவசாயிகளையும் ஆட்டிவைத்தது. டென்மார்க் நாட்டுக் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பாங், மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் ஒரு கிருமியை 1897இல் அறிவித்திருந்தார். இன்று அதைப் புரூசெல்லா என்கிறோம். தங்கள் நாட்டிலும் அதுதான் காரணமா என்று ஆராய பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் ஜான் மெக்ஃபேடியனும் ஸ்டூவர்ட் ஸ்டாக்மனும் பணியாற்றினார்கள்.

1906இல், கருச்சிதைந்த செம்மறி ஆட்டின் கருப்பைக் கசிவைப் பரிசோதித்தபோது, பாங் சொன்ன கிருமி அங்கே இல்லை. அதற்குப் பதிலாக வளைந்த உருவம் கொண்ட வேறொரு கிருமி கூட்டமாக இருந்தது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது வேறொன்று! அவர்கள் அதை ஒதுக்கிவிடாமல் வளர்த்துப் பார்த்தார்கள். 1913இல் அறிக்கையாகவும் வெளியிட்டார்கள்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் தியோபால்ட் ஸ்மித், கருச்சிதைந்த மாடுகளில் இதே வகைக் கிருமியை 1918இல் கண்டார். அடுத்த ஆண்டே அதற்கு விப்ரியோ ஃபீட்டஸ் என்ற பெயர் வந்தது. ஃபீட்டஸ் என்றால் கரு. பிறகு 1949இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். காளை நோய்க்குறி எதுவும் இல்லாமல் நல்லாத்தான் இருக்கும். ஆனால் இனச்சேர்க்கையின்போது கிருமியைப் பசுவுக்குக் கொடுத்துவிடும். பசுவுக்குச் சினை பிடிக்காது, பிடித்தாலும் தங்காது. காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது: எதிருயிரி மருந்து கலந்த விந்துவைக் கொண்டு செயற்கை முறையில் கருவூட்டுவது.

1931: அதே குடும்பம், வேறு வாசல்

இதுவரை கருப்பை. இனிக் குடல். கன்றுகளுக்கும் மாடுகளுக்கும் வந்த கழிச்சல் நோயை ஆராய்ந்த ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் 1931இல் சிறுகுடலில் ஒரு வளைந்த கிருமியைக் கண்டார்கள். சிறுகுடலின் நடுப்பகுதிக்கு ஜெஜூனம் என்று பெயர். அதனால் கிருமிக்கு விப்ரியோ ஜெஜுனி என்று பெயரிட்டார்கள். 1944இல் டாயில் என்பவர் பன்றியின் பெருங்குடலிலிருந்து விப்ரியோ கோலை என்பதைப் பிரித்தெடுத்தார். பன்றிகளின் சீதபேதிக்கு அதுவே காரணம் என்று நினைத்தார். 1970களில்தான் அந்த நோய்க்குக் காரணம் வேறொரு திருகுக் கிருமி என்று தெரிந்தது. அறிவியலிலும் தவறான ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது உண்டு, பார்த்தீர்களா?

மனிதர்களிடம் கிடைத்த தடயங்கள்

கால்நடை மருத்துவர்கள் கையில் இவ்வளவு இருந்தது. மனிதர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்குத் தடயமே கிடைக்கவில்லையா? கிடைத்தது. 1938இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சிறைகளில் பால் வழியாகப் பரவிய வயிற்றுப்போக்கு 355 பேரைத் தாக்கியது. அவர்களில் சிலரிடம் வளைந்த கிருமிகள் தென்பட்டன. 1947இல் பிரான்சில் கருவுற்ற மூன்று பெண்களின் இரத்தத்தில் விப்ரியோ ஃபீட்டஸ் கிடைத்தது. இருவருக்குக் கரு கலைந்தது.

1957இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எலிசபெத் கிங் என்ற நுண்ணுயிரியலாளர் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கிடைத்த கிருமிகளை வரிசைப்படுத்தினார். அவற்றில் ஒரு பிரிவு 42 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் செழித்து வளர்வதைக் கவனித்தார். அந்த நோயாளிகளுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததையும் குறித்துவைத்தார். 42 பாகை என்பது கோழியின் உடல் வெப்பத்தை ஒட்டிய அளவு. அந்தப் பொருத்தத்தின் முக்கியத்துவம் பிறகுதான் புரிந்தது. 1963இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் செபால்டும் வெரோனும் இக்கிருமிகளை விப்ரியோ குடும்பத்திலிருந்து பிரித்து, கேம்பைலோபேக்டர் என்று புதுப் பெயர் கொடுத்தார்கள்.

இருந்தும் நோயாளியின் மலத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தெடுப்பது? மலத்தில் ஆயிரம் கிருமிகள். வேகமாக வளர்பவை தட்டை நிறைத்துவிடும். மெதுவாக வளர்வதோ அடியில் மறைந்துபோகும்.

1968: பிரசல்ஸ் நகரில் இரண்டு துறைகள் கைகோத்தன

பிரசல்ஸ் மருத்துவமனை ஒன்றில் 20 வயதுப் பெண் கடும் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் சேர்க்கப்பட்டார். மருத்துவர் பட்ஸ்லருக்குக் கை கொடுத்தவர் டெகெய்சர். அவர் கால்நடை நுண்ணுயிரியலாளர். கால்நடை ஆய்வில் பழகிய ஒரு முறையை அவர் பயன்படுத்தினார்: மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் மாதிரியை வடிப்பது. சன்னமான கேம்பைலோபேக்டர் நுழைந்து வெளியே வந்துவிடும். தடித்த மற்ற கிருமிகள் சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான்! கிருமி கையில் அகப்பட்டது. 1972இல் இதை வெளியிட்டார்கள்.

1977இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் மார்ட்டின் ஸ்கிரோ இதை இன்னும் எளிதாக்கினார். மற்றக் கிருமிகளை அடக்கும் மூன்று எதிருயிரி மருந்துகளை வளர்ப்புத் தட்டிலேயே கலந்தார். வயிற்றுப்போக்கு கண்ட 803 பேரைச் சோதித்ததில் 7.1 விழுக்காட்டினரிடம் இக்கிருமி இருந்தது. நலமாக இருந்த 194 பேரில் ஒருவரிடமும் இல்லை. சாதாரண மருத்துவமனை ஆய்வுக்கூடமும் செய்யக்கூடிய முறை என்பதால் உலகம் முழுக்கத் தேட ஆரம்பித்தார்கள். தேடிய இடமெல்லாம் கிடைத்தது. சரியாக வேகாத கோழியும் காய்ச்சாத பாலும் முக்கிய வழிகள் என்பது தெளிவானது.

ஏன் இவ்வளவு தாமதம்?

மாணவர்களே, மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, கருவி. காற்று, வெப்பம், வடிகட்டி மூன்றும் பொருந்தாதவரை கிருமி தட்டில் வளராது. வளராத ஒன்றை நிரூபிக்கவும் முடியாது.

இரண்டாவது, பெயர். கரு என்ற பெயரை ஒட்டிவிட்டதால் அது கருச்சிதைவுக் கிருமியாகவே நினைக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு நோயாளியிடம் அதைத் தேடும் எண்ணம் யாருக்கு வரும்?

மூன்றாவது, மதில் சுவர். கால்நடை இதழ்களை மனித மருத்துவர்கள் அதிகம் வாசிக்கவில்லை. 1931க்கும் 1972க்கும் இடையே 41 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் எத்தனையோ பேர், எத்தனையோ குழந்தைகள், "காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு" என்ற குறிப்போடு வீடு திரும்பியிருப்பார்கள். சிலர் திரும்பாமலும் போயிருப்பார்கள். விடை பக்கத்து அறையில் இருந்தது. கதவைத் தட்டத்தான் ஆள் இல்லை.

விளைவையும் சேர்த்து எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் வயிற்றுப்புண் நோயாளிகளிடம் கண்ட வளைந்த கிருமியை, கேம்பைலோபேக்டருக்கு உரிய முறையைக் கொண்டே 1982இல் வளர்த்தார்கள். அதுதான் இன்றைய ஹெலிகோபேக்டர் பைலோரி. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆட்டுக் கொட்டகையில் தொடங்கிய பாதை அதுவரை நீள்கிறது.

ஆக, "கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால் எப்படி எழுதுவது? பார்த்தவர் எஷெரிக், வளர்த்தவர்கள் மெக்ஃபேடியனும் ஸ்டாக்மனும், குடலோடு இணைத்தவர் ஜோன்ஸ், மனிதரிடம் சந்தேகித்தவர் கிங், பெயர் வைத்தவர்கள் செபால்டும் வெரோனும், மலத்திலிருந்து பிரித்தெடுத்தவர்கள் டெகெய்சரும் பட்ஸ்லரும், எல்லாருக்கும் எட்டச் செய்தவர் ஸ்கிரோ. இப்படி எழுதும் மாணவர் மனப்பாடம் செய்து எழுதவில்லை, வரலாற்றைப் புரிந்து எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

வகுப்பில் கலந்துரையாட

1. எஷெரிக் 1886இல் கண்டதைக் "கண்டுபிடிப்பு" என்று சொல்லலாமா? காரணத்தோடு விளக்குக.
2. ஒரு பெயர் ஆய்வின் திசையை எப்படி மாற்றும்? இக்கட்டுரையிலிருந்து ஒரு சான்று தருக.
3. மூன்று காரணங்களில் எது மிக முக்கியம் என்று கருதுகிறீர்கள்? மற்ற இரண்டோடு ஒப்பிட்டு எழுதுக.

கடைசியாக வீட்டுக்கு ஒரு செய்தி: பச்சைக் கோழி வெட்டிய பலகையில் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.