மறைந்து நிற்கும் காயம்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கடலோரக் கரையை எழுவான்கரை என்றும், வயலும் காடும் சூழ்ந்த மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் பற்றி வந்த அழகிய பெயர்கள் அவை. எழுவான்கரை வழியே கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலும், படுவான்கரையின் வயலோரத் தெருக்களிலும் இன்று கார்களும் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் ஓயாது ஓடுகின்றன. இருட்டிய பின் தெருவில் படுத்திருக்கும் மாட்டில் மோதியோ, எதிரே வந்த வண்டியுடன் மோதியோ ஒருவர் தூக்கி எறியப்படுகிறார். ஊரார் ஓடிவந்து பார்க்கிறார்கள். விழுந்தவர் எழுந்து நிற்கிறார்; உடையிலுள்ள மண்ணைத் தட்டுகிறார்; “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறார். குருதி இல்லை, எலும்பு முறியவில்லை என்று கண்ட ஊரார், தெய்வம் காத்தது என்று கலைந்து செல்கின்றனர்.

பெரும்பாலும் அவர் சொன்னது மெய்யாகவே இருக்கும். ஆயினும் சிலருக்கு அன்றிரவோ, மறுநாளோ, மூன்று வாரங்கள் சென்ற பின்னரோ அடியின் விளைவு வெளிப்படுகிறது. அடிக்கும் அறிகுறிக்கும் இடையிலே நிற்கும் அந்தக் காலவெளியை நலம் என்று நம்பி மாண்டவர் பலர். அது நலமன்று, பொறுத்திருந்து பார்க்க வேண்டிய வேளை என்பதை மனித இனம் கற்றுக்கொள்ள நெடுங்காலம் சென்றது. அவ்வாறு கற்றுக்கொண்ட வரலாறு அறியத்தக்கதாகும்.

இவ்வுண்மையின் வித்து நம்மவர் மருத்துவத்திலேயே உண்டு. சுசுருத சம்கிதை உடலிலே 107 மர்மங்களை எண்ணி, அவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கின்றது. அடிபட்டால் விரைவில் உயிர் போக்குவன ஒருவகை. காலம் தாழ்த்தி உயிர் போக்குவன மற்றொருவகை. பின்னைய வகையில் 33 மர்மங்களை அந்நூல் வைத்துள்ளது. தென்தமிழ் நாட்டிலே, சிறப்பாகக் கன்னியாகுமரிப் பகுதியிலே, வளர்ந்த வர்ம மருத்துவமும் இதே நோக்குடையது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என வகுத்த ஆசான்மார், இன்ன இடத்தில் அடிபட்டால் இத்தனை நாழிகையில் அல்லது இத்தனை நாளில் இன்ன குறி தோன்றும் என்று கணக்கிட்டுரைத்தனர். அக்கணக்குகள் யாவும் இன்றைய மருத்துவத்தோடு பொருந்துவன அல்ல. எனினும், அடிபட்டவரைக் கண்ட அளவிலே தீர்ப்புச் சொல்லலாகாது, காலத்தையும் கணக்கிலே சேர்க்க வேண்டும் என்ற கருத்து அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

மேல்நாட்டிலே இந்தக் கேள்வியைப் பொதுமக்கள் முன்னிலையில் நிறுத்தியது புகையிரதம். 1865ஆம் ஆண்டு யூன் மாதம் 9ஆம் நாள், இங்கிலாந்தின் கெந்து மாகாணத்திலே ஸ்ரேப்பிள்ஹேர்ஸ்ற் என்னுமிடத்தில், பழுதுபார்ப்பதற்காகத் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்த பாலமொன்றில் புகையிரதம் ஒன்று தடம் புரண்டது. பத்துப் பேர் மாண்டனர். அவ்வண்டியிலே பயணஞ்செய்தவருள் ஒருவர் நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸ். அவர் இருந்த பெட்டி ஆற்றில் வீழாமல் பாலத்தில் தொங்கி நின்றது. உடலிலே குறிப்பிடத்தக்க காயமெதுவுமின்றி வெளிவந்த டிக்கின்ஸ், கீழே கிடந்தவர்களுக்குத் தம் தொப்பியிலே நீர் முகந்து கொடுத்து உதவினார். தொங்கிய பெட்டிக்குள் மறுபடியும் ஏறித் தம் நாவலின் கையெழுத்துப் படியையும் எடுத்து வந்தார். இத்தனைக்கும் நடுங்காத கை, சில நாட்களின் பின்னர் நடுங்கத் தொடங்கியது. குரல் சில காலம் கம்மிப்போயிற்று. அதன் பின்னர் விரைவு வண்டியிலே ஏறினால் அச்சமும் நடுக்கமும் அவரைப் பற்றிக்கொள்ளும். விபத்து நேர்ந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த அதே யூன் 9ஆம் நாளில், 1870இல், அவர் மூளையிற் குருதிநாளம் பாதிக்கப்பட்டு இறந்தார். அது விபத்தின் விளைவு என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அந்த ஐந்தாண்டுக் கால நடுக்கம் விபத்தின் விளைவே என்பதில் அவருக்கோ அவரை அறிந்தவருக்கோ ஐயமிருந்ததில்லை.

டிக்கின்ஸைப் போன்றோர் அக்காலத்திலே பலர் இருந்தனர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் எரிக் எரிக்சன், 1866இல் இதுபற்றிய தம் விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். விபத்திலே தப்பியவர் தாமாகவே நடந்து வீடு சேருகிறார். ஓரிரு நாளின் பின் முதுகு நோகிறது, உறக்கம் கெடுகிறது, நினைவு தடுமாறுகிறது. இதனை அவர் முள்ளந்தண்டிலே நேர்ந்த அதிர்ச்சியின் விளைவு என்று கருதினார். புகையிரதக் கம்பனி ஒன்றின் சத்திரசிகிச்சை நிபுணரான ஹேர்பேட் பேஜ் என்பவர் 1883இல் வேறு கருத்துரைத்தார். முள்ளந்தண்டிலே பழுதில்லை, அச்சத்தால் நரம்பும் உள்ளமும் தளர்ந்தமையே காரணம் என்பது அவர் வாதம். வழக்கு மன்றங்களிலே இந்த விவாதம் நட்டஈட்டுப் போராக மாறிற்று. அன்றே நோவு சொல்லாமல் பின்னர் நோவு சொன்னவர் பொய்யர், பணத்துக்காக நடிக்கின்றார் என்ற பழி எழுந்தது. நடித்தவர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் மெய்யாகவே நொந்தவர்மீதும் அப்பழி விழுந்தது. காயத்தினால் ஒரு துன்பம், நம்பப்படாமையினால் மற்றொரு துன்பம் என இருமடங்கு சுமந்தனர் அவர்கள்.

அடிபட்டவுடன் நோவு ஏன் தெரிவதில்லை என்பதற்கான விளக்கம் இருபதாம் நூற்றாண்டிலே கிடைத்தது. ஆபத்து வேளையிலே சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் அதிரினலின் என்னும் நீரைக் குருதியிலே சொரிகின்றன, இதயம் விரைகின்றது, உடல் ஓடவோ போரிடவோ ஆயத்தமாகின்றது. அமெரிக்க உடற்றொழிலறிஞர் வோல்ற்றர் கனன் 1915இல் இதனை விரித்தெழுதினார். இரண்டாம் உலகப் போரிலே, 1944இல், இத்தாலியின் அன்சியோப் போர்முனையில் பணிபுரிந்த டாக்டர் ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்ற வீரரிற் பெரும்பாலோர் நோவு தணிக்கும் மருந்தை வேண்டாதிருந்ததைக் கண்டு வியந்தார். எனவே, தெருவிலே எழுந்து நின்று “ஒன்றுமில்லை” என்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உடல் அவருக்கே இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்பதே பொருள்.

மறைந்து நிற்கும் காயங்களுள் மிகக் கொடியது தலையிலே நேர்வது. காதுக்கு மேலுள்ள பொறியெலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு குருதிநாளம் ஓடுகின்றது. அடியினால் எலும்பு வெடித்து அந்நாளம் கிழிந்தால், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே குருதி சிறிது சிறிதாகத் தேங்கும். முதலில் மயங்கியவர் தெளிந்து பேசுகிறார், தேநீர் அருந்துகிறார், சில மணிநேரத்தின் பின் தலையிடி மிகுந்து உறக்கம் போன்ற மயக்கத்திலே ஆழ்கிறார். இடையிலே வந்த இத்தெளிவைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்சிய சத்திரவைத்தியர் ழான் லூயி பெற்றி எடுத்துரைத்திருந்தார். 1867இல் இலண்டன் டாக்டர் யொனதன் ஹச்சின்சன், அடிபட்ட பக்கத்துக் கண்மணி விரிந்து மற்றதினின்றும் வேறுபடுவது உள்ளே குருதி தேங்குவதற்கு அடையாளம் என்று காட்டினார்.

இன்னொரு வகை இதனினும் மெதுவானது. முதியோரின் மூளை வயதினாற் சற்றே சுருங்குகின்றது. அதனால் மூளைக்கும் உறைக்கும் நடுவேயுள்ள நுண்ணிய நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. அற்ப அடியும் அவற்றை அறுத்துவிடும். வாரங்கள் கழிந்த பின்னரே தள்ளாட்டமும் மறதியும் தோன்றும். முன்னர் இதை அழற்சி நோயென்று கருதினர். 1914இல் வில்பிறட் ட்ரொற்றர் என்னும் ஆங்கில நிபுணர், பலரும் மறந்துவிட்ட ஒரு சிற்றடியே இதன் தோற்றுவாய் என்று வற்புறுத்தினார். பாட்டனாருக்கு வயதாகிவிட்டது, அதனால் தடுமாறுகிறார் என்று வீட்டார் எண்ணியிருக்கும் வேளையில், மூன்று வாரத்துக்கு முன் அவர் சைக்கிளில் இருந்து விழுந்ததை எவரேனும் நினைவுகூர்ந்து டாக்டரிடம் சொல்வது அவரைக் காப்பாற்றக்கூடும். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உண்போருக்கு இவ்வாபத்து மேலும் மிகுதி.

வயிற்றுக்குள்ளும் இத்தகைய மறைவு உண்டு. இடப்பக்க விலாவின் கீழுள்ள மண்ணீரல் கிழிந்தாலும், அதன் மேலுறை சிலகாலம் குருதியைத் தாங்கி நிற்கும். பின்பு திடீரென உடையும். 1907இல் பிரான்சிய டாக்டர் போடே இந்த இடைக்காலத்தை விளக்கினார். 1932இல் ஆச்சிபோல்ட் மக்கிண்டோ அதனை மேலும் ஆராய்ந்தெழுதினார். இலங்கையருக்கு இது அயலாரின் செய்தியன்று. மலேரியா பரவியிருந்த காலத்தில் வீங்கிய மண்ணீரல் உலர்வலயத்தின் நித்தியக் காட்சியாக இருந்தது. பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரலின் அளவைக் கொண்டே நோயின் பரப்பைக் கணக்கிட்டனர். வீங்கிய மண்ணீரல் சிற்றடிக்கும் கிழியும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அவ்வச்சம் நீங்கினும், மோட்டார் சைக்கிளின் கைப்பிடி வயிற்றிலே குத்தும் அச்சம் இன்றும் உள்ளது.

கழுத்து நோவுக்கும் ஒரு வரலாறு உண்டு. பின்னாலே வந்த வண்டி மோதும்போது தலை பின்னுக்கும் முன்னுக்கும் சவுக்குப் போலச் சுண்டப்படுகிறது. இச்சவுக்கு உவமையை அமெரிக்க டாக்டர் ஹறோல்ட் குறோ 1928இல் கையாண்டார். தசைநார்களின் வீக்கம் மெல்ல ஏறுவதனால், மறுநாட் காலையிலேயே பலருக்குக் கழுத்தைத் திருப்ப இயலாமற் போகும். புகையிரதக் காலத்துப் பழி இங்கும் தொடர்ந்தது. 1995இல் கனடாவின் கியூபெக் மாகாண அறிஞர் குழு இந்நோவை முறையாக வகைப்படுத்தியது. பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலே தணியும். ஆனால் கை கால் விறைத்தால் அல்லது வலுக்குன்றினால் அதனை அற்பமென்று விடுதல் கூடாது.

1971இல் சீ.ரீ. ஸ்கான் கருவியினால் முதல் நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. 1974இல் கிளாஸ்கோ நகர நிபுணர் இருவர், கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் எண்ணாலளந்து மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்கும் முறையைத் தந்தனர். மண்டையோட்டுக்குள் மறைந்தது கண்ணுக்குப் புலனாயிற்று. ஆனால் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், நோயாளி அதன் முன் வந்து சேர்ந்தாலன்றிப் பயனில்லை. அவரைக் கொண்டுவந்து சேர்ப்பது, வீட்டிலே விழித்திருந்து பார்த்தவருடைய கண்ணே.

வாவிக்கரை மக்களுக்கு இது பழக்கமான பாடம். 1924இல் கல்லடியிலே மானிங் சீமாட்டி பாலம் திறக்கப்பட்டது. அதனருகே புதிய பாலம் 2013இல் வந்தது. மண்முனைத் துறையில் 2014இற் பாலம் திறக்கப்படும் வரை, படுவான்கரை மக்கள் அங்கே படகுப்பாதையிலே வாவியைக் கடந்தனர். பொழுது சாய்ந்து, பாதையும் நின்று, காற்றும் எழுந்த பின்னர் ஒருவருக்கு மயக்கம் வந்தால், வாவி முழுவதும் அவருக்கும் வைத்தியசாலைக்கும் நடுவே கிடக்கும். ஆகவே வெளிச்சமுள்ளபோதே புறப்படுவது கைகண்ட அறிவாயிருந்தது. இன்று பாலங்கள் உண்டு. மட்டக்களப்பிலே போதனா வைத்தியசாலை உண்டு. 2016இல் இலங்கையிலே தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவையும் உண்டு. தூரம் குறுகிவிட்டது. அறிகுறியைக் காணத் தவறும் காலம் குறுகுவது வீட்டாரின் கையில் உள்ளது.

விபத்துக்குள்ளானவர் நலமாகத் தோன்றினும் அன்றே வைத்தியசாலையிற் காட்டிப் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு மருத்துவத்துக்கும் உதவும். பின்னர் நோவு தோன்றுமிடத்துப் பொய்யுரைத்தார் என்ற பழியினின்றும் காக்கும். டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாலும், முதல் ஒருநாள் முழுவதும் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நன்று. தலையில் அடிபட்டவரை உறங்கவே விடலாகாது என்ற எண்ணம் ஊர்களிலே உண்டு. டாக்டர் பார்த்து இசைந்த பின் உறங்கலாம். ஆனால் அவர் சொன்னபடி இடையிடையே எழுப்பி, பெயரும் இடமும் கேட்டுத் தெளிவறிதல் வேண்டும். மிகும் தலையிடி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப இயலா உறக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, ஒவ்வாத கண்மணிகள், காதிலோ மூக்கிலோ வடியும் தெளிந்த நீர் ஆகியவை தலைக்குரிய குறிகள். வயிற்று நோவு, இடத்தோள் நோவு, வெளிறிய முகம், குளிர்ந்த வியர்வை, விரைந்த நாடி, சிறுநீரிற் குருதி ஆகியவை வயிற்றுக்குரியவை. மூச்சுத் திணறலும் நெஞ்சு நோவும் அவ்வாறே. இவற்றுள் ஒன்று கண்டாலும் எண்ணெய் தடவிக்கொண்டும், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டும் இருத்தலாகாது. முறிவு வைத்தியரிடம் செல்வோரும், முதலில் உள்ளுறுப்பிலே பழுதில்லை என்பதை வைத்தியசாலையில் உறுதி செய்துகொள்ளல் நன்று. வாரங்கள் சென்றும் உறக்கமின்மையும் தெருவைக் கண்டால் நடுக்கமும் நீங்காதவரைக் கோழை என்று நகையாடாது, டிக்கின்ஸுக்கு நேர்ந்ததை எண்ணி, அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

பெற்றியும் ஹச்சின்சனும் ட்ரொற்றரும் கருவியின் துணையின்றியே இவ்வுண்மைகளைக் கண்டனர். அவர்கள் செய்தது நோயாளியின் அருகிலிருந்து, மணிக்கு மணி மாறுவதைக் கூர்ந்து நோக்கியமையே. அவ்வளவு நோக்கு ஒரு தாய்க்கும் இயலும், ஓர் அண்ணனுக்கும் இயலும். “ஒன்றுமில்லை” என்று அடிபட்டவர் சொல்லும் சொல்லை மறுநாளும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் வீட்டிலே, பல உயிர்கள் தப்பிப் பிழைக்கும்.